மோட்டாரு காத்து இழுக்குது

காளியப்பன் வீட்டில் அந்தச் சாமானுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பிரெஸ்ட் பம்ப் என்று மருமகள் கோகிலவாணி ஒரே ஒரு முறை சொன்னாள். மாமியார் மாரக்காள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆம்பளை புழங்குகிற வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கரண்டில் ஓடுகிறது, உறிஞ்சுகிறது, சத்தம் போடுகிறது. மோட்டார் என்று சொன்னால் போயிற்று. அன்று முதல் அது மோட்டார்.

புழங்கிய ஆம்பளை ஒருவர்தான், காளியப்பன். மகன் குருமூர்த்தி ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர், ஒடிசா என்று ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு அலைகிறவன். அந்தப் பக்கம் மழை பிடித்து வண்டி ஊர் திரும்பினால்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம். ஆக, மாரக்காள் காத்த மானமெல்லாம் அறுபதைத் தாண்டிய தன் புருஷன் ஒருவரிடமிருந்துதான். அவரோ மருமகள் எதிரே வந்தால் மாட்டைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொள்கிறவர்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே அவர்கள் தோட்டம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கொஞ்சம் கரும்பும். எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு, கிணற்று மேடையில் ஒரு மோட்டார். அதற்கும் மோட்டார் என்றுதான் பெயர். ஒரு வீட்டில் இரண்டு மோட்டார் இருந்தால் பெயரிலாவது வித்தியாசம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த வீட்டின் நாகரிகம் ஒரு குழந்தையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோகிலாவுக்குப் பிறந்த பாப்பாவுக்கு மேலுதடும் உள்ளே அண்ணமும் பிளந்திருந்தன. கிரகணத்தன்று கோகிலா எலுமிச்சம்பழம் அரிந்திருப்பாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் சுமந்த மாதங்களில் கிரகணமே பிடிக்கவில்லை என்று காலண்டரைக் காட்டினாலும் பேசியவர்கள் பேசத்தான் செய்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மாரக்காள் அந்த விஷயத்தில் மட்டும் மருமகள் பக்கம் நின்றாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேலத்தில் டாக்டர் நிதானமாக விளக்கினார். அண்ணம் மூடாத வாயால் உறிஞ்ச முடியாது, ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி காற்றுதான் வரும். அதனால் தாய்ப்பாலை எடுத்துப் பாலாடைச் சங்கில் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். மாசி மாதம் வெளியூர் டாக்டர்கள் குழு ஒன்று வரும், அவர்கள் உதட்டைச் சேர்த்துத் தைப்பார்கள். அதற்குள் எடை ஐந்து கிலோ ஆகியிருக்க வேண்டும், நெஞ்சில் சளி இருக்கக்கூடாது. இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பால் மூக்கிலும் காதிலும் ஏறும், நெஞ்சுக்கும் போகும். தாய்ப்பால் என்றால் அவ்வளவு கெடுதல் செய்யாது, பவுடர் பால் என்றால் சீக்குதான். எப்படியாவது மாசி வரைக்கும் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொண்டுபோய்விடுங்கள் என்றார்.

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். குழந்தை வாய் வைக்காத மாரில் பால் போகப் போகக் குறையத்தான் செய்யும், மனதைத் தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கெட்டது நடக்கும் என்று ஒரு பெரிய மனிதர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது நடக்கும்போது ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கோகிலா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ பேக்டரி ஆபீசில் வேலை பார்த்தவள். கூட வேலை பார்த்த உஷாராணிதான் அந்தப் பம்பைக் கொடுத்தாள். அவள் குழந்தை பால் மறந்து நாளாகியிருந்தது. புருஷனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பெட்டி இல்லை, கூட வந்த புத்தகம் இல்லை, ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். ரெண்டாவது பிறந்தால் கேட்பேன், அதுவரை நீயே வைத்துக்கொள் என்றாள். லாரி வாடகை ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில் வேறு எதுவும் பேச நேரமில்லை.

முதல் தடவை பம்பைப் போட்டபோது கோகிலா அழுதுவிட்டாள். அதுவரை கையால் பிழிந்து பிழிந்து விரல் மரத்துப்போய், பாலாடையின் அடி நனைவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிடும். இதிலோ பால் நூல் நூலாகப் பாட்டிலில் இறங்கியது. அவள் அழுதது வலியால் அல்ல. தன் உடம்பு இந்தக் குழந்தைக்குச் செய்யக்கூடிய ஒரு நல்லது மிச்சமிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. கார்த்திகை முடிவதற்குள் பாப்பாவின் தொடையில் மடிப்பு விழுந்தது. ஊசி போட வந்த நர்சம்மா தராசைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் மாசிக்கு முன்னாலேயே ஐந்தைத் தொட்டுவிடும் என்றாள். மாரக்காள் அன்று கொழுக்கட்டை செய்தாள்.

அந்தப் பம்பை கோகிலா பார்த்துக்கொண்ட மாதிரி சாமிப் படத்தைக்கூட யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மாரில் வைக்கிற புனல், பால் சேர்கிற பாட்டில், மோட்டாரிலிருந்து வருகிற டியூப், புனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் காயவைத்து, மேலே சல்லடையைக் கவிழ்ப்பாள். மீந்த பாலை எறும்பு குடித்தால் தாய்க்குப் பால் வற்றும் என்று மாரக்காள் சொல்லியிருந்ததால் சல்லடையைச் சுற்றி மஞ்சள்பொடிக் கோடு வேறு.

அந்த வாத்து மூக்கின் நுனியில் ஒரு கீறல் இருக்கும். மோட்டார் இழுக்கும்போது கீறல் மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கும், விடும்போது திறந்து பாலைக் கீழே இறக்கும். பம்பின் உயிரே அதில்தான். அந்தக் கீறலுக்குள் பால் ஆடை ஒட்டியிருக்கும் என்று கோகிலா பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தாள். தினமும் துடைத்தாள், ஒவ்வொரு தடவையும் துடைத்தாள். அதில் எதையும் நுழைக்கக்கூடாது என்பதும், சில மாதத்துக்கு ஒருமுறை அந்த ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உஷாராணி ஏற்கெனவே அதில் பல மாதம் ஓட்டியிருந்தாள். சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே சுத்தம்தான் சோற்றில் மண்ணைப் போட்டது.

கோகிலா இருந்த முன்னறைச் சன்னல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திறக்கும். சன்னலுக்கு வெளியே வேம்படியில் உட்கார்ந்துதான் காளியப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குவார். ஆரம்பத்தில் உள்ளே மோட்டார் சத்தம் கேட்டால் அரிவாளைப் போட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்துவிடுவார். பிறகு நடக்கவில்லை. குழந்தைக்குப் பால் போதுமா என்று மருமகளைக் கேட்கிற மாமனார் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெண்டாட்டியைக் கேட்டால், அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பாள். பேத்தியைப் பற்றிய சேதி அவருக்கு வந்த ஒரே வழி அந்தச் சத்தம்தான்.

நாற்பது வருஷம் கிணற்று மோட்டாரோடு குடித்தனம் நடத்திய காது அது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் மோட்டார் முக்கும். பிடிக்காமல் காற்றை இழுத்தால் முக்காது, சுமை இல்லாத வண்டி மாதிரி லேசாக ஓடும். இந்தச் சின்ன மோட்டாரும் அப்படித்தான் என்று அவருக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. இழுக்கும்போது ஒரு முக்கல், விடும்போது ஒரு பெருமூச்சு. அந்த முக்கல் கேட்டால் அவர் தட்டைக் கொஞ்சம் வேகமாக நறுக்குவார்.

மார்கழியில் முக்கல் குறைந்தது.

உள்ளே பாட்டிலில் பாலும் குறைந்தது. முதலில் விரல்கடை, பிறகு பாதி. கோகிலா பம்பின் வேகக் குமிழை முழுவதும் திருப்பிவைத்துப் பார்த்தாள். காம்பு வெடித்ததே தவிரப் பால் வரவில்லை. மாரக்காள் பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்தாள், முருங்கைக் கீரை வதக்கினாள், நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பிப் பால்சுறா வாங்கிவரச் சொல்லிப் புட்டு செய்தாள். கோகிலா மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தின்றாள். தின்ற அளவுக்கு வராத பாலைப் பார்த்துத் தன் உடம்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. பிள்ளையைத்தான் கோணலாகப் பெற்றேன், அதற்குக் கொடுக்கிற பாலையும் உருப்படியாகக் கொடுக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர்தான் அன்றைக்கே சொல்லிவிட்டாரே. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. கோளாறு மோட்டாரில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குருமூர்த்தியிடம் போனில் சொன்னாள். அவன் ஏதோ ஒரு காட்டில் கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு பேசினான். இளகிய மனசுக்காரன்தான், ஆனால் ஆயிரம் குழி பார்த்தவன்.

"ஊத்து வத்திப்போச்சுன்னா வத்திப்போச்சு கோகி. அறநூறடி ஓட்டியும் பொகை பறந்துச்சுன்னா, அங்கயே நின்னு அழுதா தண்ணி வருமா? வேற பாயிண்டுதான் பாக்கோணும். டப்பாப்பால் வாங்கிக் குடு. நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காதே."

ரிக் வண்டிக்காரனுக்குப் பழைய கிணற்றில் இறங்கிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. தண்ணீர் வரவில்லை என்றால் குற்றம் பூமியின் மேல்தான். அவள் சரி என்றாள்.

வேம்படியில் காளியப்பனுக்குத் தட்டு நறுக்க ஓடவில்லை. மோட்டார் முக்காமல் பாடிக்கொண்டிருக்கிறது; எங்கேயோ வால்வு கசிகிறது. எப்படிச் சொல்வது? மருமகளிடம் சொல்ல முடியாது. அவள் அந்தச் சாமானை எங்கே வைத்துக்கொள்கிறாள் என்பது தனக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று நாள் யோசித்து, தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லாத ஒரு வாக்கியத்தைத் தயார்செய்தார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாரக்காளுக்குப் பக்கத்தில் போய், கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மோட்டாரு காத்து இழுக்குது. வால்வு போயிருக்கும். என்னான்னு பாக்கச் சொல்லு."

மாரக்காள் சரிங்க என்றாள். அவருக்குத் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடிந்ததே என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் கிழங்கு லோடோடு சேகோ பேக்டரிக்குப் போய்விட்டுப் பொழுது சாய வந்தார். கிணற்று மேட்டில் பைப்பு மொத்தமும் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தது. மோட்டார் மெக்கானிக் வேலுசாமி கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தான். அவன் மாரக்காளுக்கு அண்ணன் மகன். கிணற்று மோட்டாருக்கு ஏதாவது என்றால் அவனுக்குப் போன் போடுவது எப்போதும் அவள் வேலைதான். அவள்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

"நல்ல நேரத்துல சொன்னீங் மாமா. பைப்புக்கு அடியில ஃபுட்வால்வு ரப்பர் தேஞ்சு கெடக்குது பாருங். இன்னுங் கொஞ்ச நாளு உட்டிருந்தா மோட்டாரு காயிலே எரிஞ்சிருக்கும். உங்க காதே காதுங்."

அவன் நீட்டிய பழைய ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. அதை ஏன் கழற்றினாய் என்று கேட்கக்கூட வழியில்லை. புது ரப்பர் போட்டு, பைப்பை இறக்கி, மோட்டாரை ஓடவிட்டார்கள். வாய்க்கால் தெறிக்கத் தண்ணீர் வந்தது. வேலுசாமி காப்பி குடித்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரியே காளியப்பன் இரண்டாவது தடவை முயன்றார். அதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று அந்த ஊர் ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். நான் சொன்னது இந்த மோட்டாரை இல்லை என்றார். பிறகு எந்த மோட்டார் என்று மாரக்காள் கேட்டாள். அவர் வாயைத் திறக்காமல் தாடையால் சன்னல் பக்கம் காட்டினார்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகம் கருத்துவிட்டது. கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அதையுமா காதுகுடுத்துக் கேட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?"

அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனை அம்மணமாக நிறுத்த அந்த ஒரு கேள்வி போதும். காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். அதற்குப் பிறகு வேம்படியில் உட்காரவில்லை. தட்டு நறுக்குகிற கட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றோரம் போட்டுக்கொண்டார்.

மாரக்காள் கெட்டவள் இல்லை. நான்கு வார்த்தையை மருமகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு மோட்டாரைப் பற்றியதாகக் கேட்கவே இல்லை, தன் புருஷன் எங்கே காதை வைத்திருந்தார் என்பதாக மட்டுமே கேட்டது. பால் சங்கதி ஆம்பளைக்கு என்ன தெரியும் என்கிற எண்ணம் வேறு. கோகிலாவிடம் போய், முன்னறையில் வாடைக்காற்று அடிக்கிறது, இனிமேல் உள்ளே மூட்டை அடுக்குகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மோட்டார் போடு என்று மட்டும் சொன்னாள். கோகிலா ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை. காற்றில்லாத அந்த அறையில் கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காற்றை மட்டும் இழுத்துக்கொண்டிருந்த பம்பை மாரில் பிடித்தபடி, வற்றுகிற பாலுக்காக அழுதுகொண்டிருந்தாள். எடுக்காத பால் ஊறுவதும் நின்றுபோகும். மாரில் இருந்ததை இழுக்கத்தான் பம்பால் முடியவில்லை. இழுக்காததால் மாரும் இருந்ததைக் கைவிட்டது. தைப் பொங்கல் கழிந்தபோது பாட்டிலின் அடி நனைந்தாலே அதிகம் என்றாகிவிட்டது.

டப்பாப்பால் வந்தது. வந்த வாரத்திலேயே பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது, பிறகு காதில் சீழ், பிறகு நெஞ்சில் சளி. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். தொடையில் விழுந்திருந்த மடிப்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. மாசியில் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியூர் டாக்டர்கள் வந்திருந்தார்கள். தராசில் வைத்தார்கள், நெஞ்சில் குழாயை வைத்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடை பழைய எடைக்கும் கீழே வந்திருந்தது. மயக்க மருந்து தாங்காது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை எப்போது என்று கேட்டதற்கு அங்கே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் குழந்தையைத் தையலுக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். கொழுகொழுவென்று இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் கோகிலா சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தத் தாயின்மேல் தனக்கு வந்த பொறாமையை யாரிடம் சொல்வாள்?

பங்குனியில் பாப்பாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுத்தார்கள். பம்பைக் கழுவித் துடைத்து, வந்த துணிப்பையிலேயே போட்டு, கோகிலா அட்டாலிப் பரணில் வைத்துவிட்டாள்.

சித்திரையில் உஷாராணி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பிரசவத்துக்கு நாமகிரிப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். பம்பு இங்கே சும்மாதான் கிடக்கிறது என்று கோகிலா போனில் சொல்லியிருந்ததால், போகிற வழியில் வாங்கிக்கொண்டு போக வந்தாள். குழந்தையைப் பார்த்தாள். மாரக்காள் மடியில் கிடந்தது. பாலாடையில் ஊற்றுகிற பால் மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது, மாரக்காள் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் உஷாராணி, கோகிலா இறக்கிக் கொடுத்த பம்புப் பையைத் திறந்தாள். சேலத்தில் புது ரப்பர் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பழையதைக் கழற்றி விரலில் அழுத்தினாள். வாத்து மூக்கு வாயைப் பிளந்து நின்றது, மூடவே இல்லை. அவள் விரல் நுனி அதில் போயிற்று.

"இதை வெச்சுட்டா இழுத்தே? இதுல காத்துத்தானே வரும்? மாத்தவே இல்லையா நீ?"

எதை மாற்ற வேண்டும் என்று கோகிலா கேட்டாள். உஷாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சொல்லியிருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். புது ரப்பரைப் போட்டு, பம்பை ஓடவிட்டு, புனலைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கை புனலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது.

கோகிலா பம்பை வாங்கிக்கொண்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பால் நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, கை நிற்குமா? மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் காளியப்பன் தலையில் தட்டுக் கட்டோடு கொட்டகைக்கு வந்தார். சன்னல் வழியாகச் சத்தம் வந்தது. இழுக்கும்போது முக்கல், விடும்போது பெருமூச்சு. தட்டுக் கட்டைக் கீழே போட்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்று கேட்டார். வெட்கம், மானம், பெண்டாட்டி கேட்ட கேள்வி எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. வாசலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இந்தா, கேட்டுச்சா? மோட்டாரு புடிச்சிருச்சு. நல்லாப் புடிச்சிருச்சு."

மாரக்காள் தலையைத் தூக்கவில்லை. உள்ளே மோட்டார் நின்றது. கதவைத் திறந்துகொண்டு கோகிலா வந்தாள். கையில் பாட்டில் இருந்தது. கழுவிக் காயவைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. காளியப்பன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வழக்கம்போல மாட்டுப் பக்கம் திரும்பப் போனார். கோகிலா சுற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி நின்றதில்லை.

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங் மாமா?"

அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லலாம் என்று தோன்றியிருக்கும். அவருக்கு அது வராது.

"மார்கழியிலயே கேட்டுச்சு சாமி."

"அப்பப் பாலு இருந்துச்சுங்களே மாமா. சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னேன் அம்மிணி. கெணத்துக்கு வால்வு மாத்திட்டாங்க."

உஷாராணி தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரக்காள் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்; துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். பாப்பாவின் நெஞ்சில் விசில் கேட்டது. தோட்டத்துப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, விருந்தாளி கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"கெணத்துல தண்ணி நல்லா வருதுங்களா மாமா?"

காளியப்பன், அவள் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"வருது சாமி. பைப்பு நெறைய வருது."